அறுபது மரங்களின் நேர்கோடு

இதில் எவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. அவள் இரண்டு முறை சொல்லக் கேட்டது. ஒரு முறை கருத்தரங்கு நடந்த அரங்கின் கதவு இடப்பக்கம் இருந்தது, மறுமுறை வலப்பக்கம். நடுவரின் மூக்குக் கண்ணாடி ஒரு தடவை தலைமேல் ஏறியிருந்தது, இன்னொரு தடவை கழுத்தில் தொங்கியது. ஆனால் கதவு சாத்தியிருந்ததை மட்டும் இரண்டு முறையும் சொன்னாள். அதை நம்பலாம்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். தாவரவியல் இளங்கலை, கடைசி வருடம். அந்தக் கருத்தரங்கில் இளங்கலை மாணவர்களின் ஆய்வுகளுக்கென்று ஒரு காலைப் பொழுதை ஒதுக்கியிருந்தார்கள். ஏழு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். அவள் மூன்றாவது.

சாலை ஓரத்து மரம் புகையிலும் தூசியிலும் திணறி, மூச்சு விடும் இலைத்துளைகளைக் குறைத்துக்கொள்கிறதா என்பதுதான் அவளுடைய கேள்வி. அறுபது மரங்கள். நகப்பூச்சை இலையின் அடியில் தடவிக் காயவிட்டு, டேப் ஒட்டி உரித்தால் துளைகளின் அச்சு அப்படியே வந்துவிடும். அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ண வேண்டும். "ஊர்ல பொண்ணுங்க எல்லாம் விரலுக்குப் பூசுறாங்க, என் தங்கச்சி மரத்துக்குப் பூசுறா" என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். எட்டாத கிளையை வளைத்து இலை பறித்தது கொக்கு. நெட்டையாக இருந்ததால் வகுப்பில் அவனுக்கு அந்தப் பெயர். கண் எரிய எரிய எண்ணியது இவள்.

முடிவு ஒரு நேர்கோடாக வந்தது. சாலையிலிருந்து தள்ளிப் போகப் போக, நூல் பிடித்த மாதிரி துளைகள் கூடிக்கொண்டே போயின. வரைபடத்தைப் பார்த்த சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இன்னும் வேலை நிரந்தரமாகாத இளம் ஆசிரியர். அவர் வழிகாட்டிய முதல் ஆய்வு இது. மேற்படிப்புக்கான பரிந்துரைக் கடிதத்தைக் கருத்தரங்கு முடிந்த கையோடு எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அவளுக்கு மேற்படிப்பில் இடம் கிடைக்காது.

அரங்கில் அவள் வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் சார், இடப்பக்கம் கொக்கு, அவர்களைத் தாண்டி முழங்கால்கள், பைகள், முழங்கால்கள். ஏசி குளிர் வெளியே போகாமலிருக்கக் கதவைச் சாத்தி, அடையாள அட்டை மாட்டிய ஒருவர் அதன் முன்னால் நின்றிருந்தார். முதல் வரிசையில் அக்கா. ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைக்கும் பிரிவின் மேற்பார்வையாளர். ஒரு நாள் லீவு போட்டு வந்து, போனை இப்போதே தூக்கிப் பிடித்திருந்தாள்.

முதல் மாணவன் பேசிக்கொண்டிருந்தபோது சார் அவள் பக்கம் சாய்ந்தார். "ரொம்பப் பக்கத்துல இருக்கிற மரம், ரொம்பத் தள்ளி இருக்கிற மரம், இந்த ரெண்டோட எண்ணிக்கையையும் மனசுல வச்சுக்கோ மா. யாராவது கேப்பாங்க."

அவள் பையிலிருந்து பதிவு நோட்டை எடுத்தாள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மரம், இரண்டு மீட்டர். துளைகள் முப்பத்தொன்று. மடியிலிருந்த ஸ்லைடு நகலில் இரண்டு மீட்டருக்கு நேரே ஒன்பது என்றிருந்தது.

அடுத்த மரத்தைப் பார்த்தாள். அதுவும் ஒத்துப்போகவில்லை. அதற்கடுத்ததும்.

அப்போது அட்டவணை போட்ட அந்த மத்தியான வேளை நினைவுக்கு வந்தது. கணினி அட்டவணையில் ஒரு பத்தியில் தூரம், பக்கத்துப் பத்தியில் துளை. பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று தூரத்தைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கினாள். பிறகு துளைகளையும் அப்படியே அடுக்கினாள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்காமல், தனித்தனியாக. எந்த மரத்தின் துளைகளோ எந்த மரத்தின் தூரத்துக்கோ போய் உட்கார்ந்துகொண்டன. சிறியது சிறியதோடு, பெரியது பெரியதோடு. உயரப்படி நிற்கவைத்த பிள்ளைகள் மாதிரி. கோடு நேராக வராமல் வேறெப்படி வரும்?

கொக்கிடம் நோட்டைக் காட்டினாள். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"யாருக்குத் தெரியப் போவுது? கமுக்கமா பேசிட்டு வந்துரு."

"உனக்குத் தெரியுமே."

"நான் இலை பறிச்சவன் தாயே. என்னை விட்டுரு."

பிறகு சாரிடம் நோட்டை நீட்டினாள். அவர் படித்தார். மேடையைப் பார்த்தார். மறுபடி படித்தார். இரண்டாவது மாணவி பேசத் தொடங்கி நான்கு ஸ்லைடுகள் தாண்டும்வரை நோட்டையும் ஸ்லைடு நகலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருடைய காதுமடல் சிவந்துகொண்டே வந்ததை அவள் பார்த்தாள்.

"கருத்தரங்குப் புத்தகத்துல அச்சாயிடுச்சு மா. என் பேரு, காலேஜ் பேரு எல்லாம் இருக்கு. இப்ப எதுவும் பண்ண முடியாது. பேசிட்டு இறங்கு. மத்ததை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்."

குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதட்டியிருந்தால் எதிர்த்திருப்பாளோ என்னவோ.

கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி வெளியேறிவிடலாமா என்று பார்த்தாள். ஒன்பது பேரை எழுப்ப வேண்டும். ஒன்பதையும் எண்ணிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரை அழைத்தபோது அந்த ஒன்பது பேரும் தாமாகவே முழங்காலை மடக்கி மேடைப்பக்கம் வழிவிட்டார்கள்.

வரைபடம் வரும் ஆறாவது ஸ்லைடில் சொல்லிவிடுவது என்று படியேறும்போது முடிவு செய்தாள். ஆறாவது ஸ்லைடு வந்தது. முன்வரிசையில் அக்கா ஒரு கையால் போனைப் பிடித்தபடி இன்னொரு கையின் கட்டைவிரலை உயர்த்தினாள். கண்ணாடி முன் நின்று நாற்பது தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம் அவளைக் கேட்காமலே வாயிலிருந்து வந்தது: "தூரத்துக்கும் துளைகளின் எண்ணிக்கைக்கும் மிக வலுவான தொடர்பு இருப்பதைக் காண்கிறோம்." கைதட்டினார்கள். அந்தச் சத்தம் அவளுக்குத் தாழ்ப்பாள் போடுவதுபோல் கேட்டது.

நடுவராக இருந்த பேராசிரியை மட்டும் கை தட்டவில்லை. "முப்பது வருஷமா மரம் பார்க்கிறேன். ஒண்ணுகூட இவ்வளவு ஒழுங்கா நடந்துகிட்டதில்லை. பதிவு நோட்டு வச்சிருக்கியா மா? தேநீர் நேரத்துல பார்க்கிறேன்."

தேநீர் மேசைக்கு அவர் கப்போடு வந்து நின்றபோது சாரும் பக்கத்தில் இருந்தார். சின்னவள் சாரைப் பார்க்காமல் சொன்னாள்.

"நோட்டை ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன் மேடம். அனுப்பி வைக்கிறேன்."

"என்னடி உளர்றே!" பின்னாலிருந்து அக்காவின் குரல். "காலையில நான்தானே பையில எடுத்து வச்சேன்! பதட்டம் மேடம் இவளுக்கு. சாப்பிடக்கூட இல்ல." யாரும் தடுப்பதற்குள் தங்கையின் தோளில் தொங்கிய பைக்குள் கையை விட்டு நோட்டை எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் பேராசிரியையிடம் கொடுத்தாள். முகமெல்லாம் பெருமை. "ராப்பகலா எண்ணினா மேடம். பாருங்க, ஒவ்வொண்ணும் அவ கையெழுத்து."

பேராசிரியை பக்கங்களைப் புரட்டினார். ஒரு கையிலிருந்த தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அக்காவின் சிரிப்பு மெல்ல மெல்ல எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"ரெண்டு பத்தியையும் தனித்தனியா வரிசைப்படுத்திட்டே. இல்லையா?"

"ஆமா மேடம்."

"நடக்கிறதுதான். நானும் ஒரு தடவை பண்ணியிருக்கேன்." நோட்டை மூடினார். "எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

அதை அவர் குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல்தான் கேட்டார். சின்னவள் வாயைத் திறந்தாள். சார் கப்பை மேசையில் வைக்கப் போய், வைக்காமல் நின்றார். கொக்கு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டு ஊரில் இருக்கிறது என்ற பொய் கண்முன்னாலேயே உடைந்திருந்தது. அக்காதான் தன் பேச்சாலேயே அதைப் பதட்டம் என்று மூடியும் விட்டிருந்தாள். இனி வேண்டியது ஒரே ஒரு சொல்.

"இப்பதான் மேடம்," என்றாள். "நீங்க மேடைக்குக் கீழேர்ந்து கேட்டப்புறம் யோசிச்சேன். அப்பதான் தெரிஞ்சுது."

"ம்." பேராசிரியை அவளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளைத் தட்டினார். "உடனே ஒத்துக்கிட்டே பாரு, அது பெரிய விஷயம். நானே அமர்வுத் தலைவர்கிட்ட சொல்லிடுறேன்."

சார் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

ஊருக்குத் திரும்பும் வண்டியில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "நான் நோட்டை எடுத்துக் கொடுத்தது தப்பாடி?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏன் ஊர்ல இருக்குன்னு சொன்னே?"

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா தூக்கம் என்று நினைத்தாளோ, நினைத்ததாகக் காட்டிக்கொண்டாளோ, தன் துப்பட்டாவை எடுத்து அவள்மேல் போர்த்தினாள். மறுபடி கேட்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சரியாகச் சேர்த்துப் பார்த்தபோது தூரத்துக்கும் துளைகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று தெரிந்தது. சார் கடிதம் எழுதிக் கொடுத்தார். தவறு தெரிந்த கணமே ஒப்புக்கொண்ட நேர்மை என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தோம் என்று நேர்முகத்தில் சொன்னார்கள். சாரின் வேலை அடுத்த வருடம் நிரந்தரமானது. கொக்கு மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியானான். அக்கா அதே ஆலையில் இப்போது மேலாளர். சின்னவள் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். பேராசிரியையிடம் அவள் கடைசிவரை சொல்லவில்லை. அவர் போன வருடம் இறந்துபோனார்.