சட்டியில் மிஞ்சியது

"உன்னை யாரு விரலை நீட்டச் சொன்னா?"

மாமியார் இதையே மூன்றாவது முறையாகக் கேட்டாள். மருமகள் பெரிய சட்டியைச் சாய்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாத வயிறு குனிய விடவில்லை. ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் தேய்த்தாள்.

"நாலு பேரு முன்னாடி மானம் கப்பலேறிப் போச்சு" என்று தானே முடித்துக்கொண்டு, மாமியார் முன்னறை பெஞ்சுகளைத் துடைக்கப் போனாள்.

முன்னறைதான் கடை, பின்னறைதான் வீடு. தெரு முழுக்க ஒர்க்‌ஷாப்புகளும் லாரி ஷெட்டுகளும். மூன்று வருஷத்துக்கு முன்புவரை இங்கே எண்ணெயில் பொரித்த பலகாரம்தான் வியாபாரம். ஊற்றிய எண்ணெய் கறுத்துக் கெட்டியாகும்வரை அதிலேயே பொரித்தார்கள். தின்றவர்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டே போனார்கள், மறுநாளும் வந்தார்கள்.

சின்னச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு சுகாதார நிலையத்தில் ஒரு வாரம் வகுப்பு நடத்தினார்கள். சோறாக்கப் பள்ளிக்கூடம் வேறயா என்று சிரித்த மாமியார், வேலையில்லாத மத்தியானங்களில் மருமகளை அனுப்பி வைத்தாள். அவள் திரும்பி வந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டுச் சோற்றுச் சட்டியை ஏற்றினாள். பருப்பு, கீரை, வேகவைத்த பயறு, அளவான உப்பு, ஓர் அவித்த முட்டை. நோயாளிச் சாப்பாடு என்று முதல் வாரம் தெருவே கேலி பேசியது. பிறகு, சர்க்கரை ஏறிப்போய் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு லாரி டிரைவர் வந்தான். அவன் நாலு பேரைக் கூட்டி வந்தான். இப்போது பன்னிரண்டரைக்கு வரிசை நின்றால், இரண்டு மணிக்குள் சட்டி காலி. சுகாதார நிலையத்தார் 'நலம் தரும் உணவகம்' என்று வாசலில் பலகைகூட மாட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பலகைக்குப் பின்னால் நடந்ததை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது.

அந்த வீட்டில் ஒரு வரிசை உண்டு. முதலில் வாடிக்கையாளர்கள், அடுத்து மாமியாரின் மகன், அப்புறம் மாமியார். அதற்கும் பிறகு சட்டியில் மிஞ்சுவது சமைத்தவளுக்கு. பகலிலும் அதே வரிசை, ராத்திரியும் அதே வரிசை. பலகாரம் விற்ற காலத்தில் உடைந்ததும் தீய்ந்ததுமாக ஏதாவது கட்டாயம் மிஞ்சும். இப்போது சாப்பாடு நன்றாக இருக்கிறது. அதனால் மிஞ்சுவதில்லை. சட்டியில் தண்ணீரை விட்டு அலசி, அதைக் காலையில் மிஞ்சிய ஆறின சோற்றில் ஊற்றி, உப்புப் போட்டுக் குடிப்பாள். இன்னும் பெரிய சட்டியாக வாங்கிப் பார்த்தார்கள். வரிசைதான் நீண்டது. நிற்கிறவனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது மாமியாரின் சட்டம்.

கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், சமைக்கிறவள் முதலில் எடுத்தால் மற்றவர்களுக்குப் போவது எச்சில் என்பது இன்னொரு சட்டம். அதற்கும் மேலே ஒரு வேதவாக்கு வைத்திருந்தாள்: "சமைக்கிறவளுக்கு வாசனையிலேயே வயிறு நெறஞ்சிடும்."

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவள் ஊரான் பிள்ளைகளைத்தான் வரிசையில் நிறுத்தி ஊட்டினாள். தன் பிள்ளை போன வருஷம் ஏழாம் மாதத்தில், அழாமல் பிறந்தது. கொடுத்து வைக்கவில்லை என்றாள் மாமியார். அவளும் தன் காலத்தில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்து வைக்காதவள்தான். சட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்றைக்குச் சுகாதார நிலையத்து நர்ஸ், கடை வாசலிலேயே மேசையைப் போட்டு, சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் ரத்தம் பார்த்தாள். இங்கே சாப்பிடுகிறவர்கள் எப்படித் தேறியிருக்கிறார்கள் என்று மற்றக் கடைக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். டிரைவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. ஒரு வெல்டருக்கு ரத்த அளவு ஏறியிருந்தது. குஷியாகிப்போன நர்ஸ், கரண்டியோடு நின்றவளையும் கூப்பிட்டாள். அவள் விரலை நீட்டினாள். ரத்த அளவு பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஆறரை என்று காட்டியது. கருவிதான் பழுதோ என்று நர்ஸ் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தாள். அதே ஆறரை.

"நீ இந்தக் கடையில சாப்பிடுறதே இல்லையாம்மா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நர்ஸ் சிரிக்கவில்லை. ஓரமாக அழைத்துப்போய், போன தடவை போனது பிள்ளை மட்டும்தான், இந்தத் தடவை நீயும் சேர்ந்து போய்விடுவாய் என்று பச்சையாகவே சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னாள். எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று இவள் கேட்கவில்லை. வெறும் வயிற்றில் போட்டு அத்தனையும் வாந்தி எடுத்தாள்.

அவள் புருஷன் நல்லவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், விடியுமுன் சந்தைக்குப் போய்க் கீரையும் பயறும் சுமந்து வருவான். மனைவி எப்போது சாப்பிடுகிறாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மறுநாள் பன்னிரண்டரை. வரிசையில் முதல் ஆளாய் டிரைவர் நின்றிருந்தான். மருமகள் சட்டியைத் திறந்தாள். ஒரு தட்டில் சோறு, பருப்பு, கீரை, பயறு எல்லாம் வைத்தாள், மேலே முட்டையை வைத்தாள். டிரைவர் கையை நீட்டினான். அவள் தட்டோடு அவனைத் தாண்டிப்போய் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பிசைந்தாள்.

மாமியார் ஓடிவந்து காதருகே குனிந்தாள்.

"என்ன பண்றே?"

"சாப்பிடுறேன் அத்தை."

"வந்தவங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நானும் இத்தனை நாளா நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன்."

மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. வரிசை கலைந்துவிடும், கடையே போய்விடும் என்று நினைத்தாள். ஒருவனும் போகவில்லை. சமைச்சவங்களே தைரியமாச் சாப்பிடுறாங்க, அப்ப நம்பிச் சாப்பிடலாம் என்றான் டிரைவர். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கரண்டியை எடுத்தாள்.

இரண்டு மணிக்கு மகன் வந்து உட்கார்ந்தான். சட்டியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. மாமியார் அதை வழித்து மகன் தட்டில் போட்டாள். பிறகு சட்டியில் தண்ணீர் விட்டாள், கையால் சுற்றி அலசினாள், ஆறின சோற்றுக் கிண்ணத்தை எடுத்து அதில் ஊற்றினாள்.

மருமகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் இத்தனை நாள் எப்படி இருந்தோம் என்பதை முதல்முறையாக வெளியிலிருந்து பார்த்தாள்.

"அம்மா சாப்பிட்டாங்களான்னு கேளுங்க" என்றாள் புருஷனிடம்.

அவன் தலை நிமிர்ந்து கேட்டான். "சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சுப்பா. வாசனையிலேயே வயிறு நெறஞ்சிடுச்சு."

அவன் மறுபடி தட்டுக்குக் குனிந்தான்.

ஆக, பட்டினி அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. ஒருத்தியிடமிருந்து எழுந்து இன்னொருத்தியிடம் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வரிசையில் ஆண்களுக்கு அடுத்தபடியாக எப்போதும் ஒரு பெண் வயிறு காலியாக இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த நாள் பன்னிரண்டரைக்கு மருமகள் இரண்டு தட்டுகளில் போட்டாள். ஒன்றைத் தன் இடத்தில் வைத்தாள். இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மாமியாரின் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கிக்கொண்டாள்.

"உக்காருங்க அத்தை."

"எனக்குப் பசிக்கல."

"நீங்க சாப்பிடாம நான் சட்டியைத் தொட மாட்டேன்."

வரிசையில் பதினைந்து பேர் இருந்தார்கள். மாமியார் அவர்களைப் பார்த்தாள், ஆவி பறக்கும் தட்டைப் பார்த்தாள். அந்தக் கடைக்கு வந்த இந்த முப்பது வருஷத்தில், சுடச்சுட ஒரு தட்டு அவளுக்கென்று வைக்கப்பட்டது அன்றைக்குத்தான். முட்டையைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். மெல்ல உட்கார்ந்தாள். தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பினாள். வரிசைக்கு முதுகைக் காட்டியபடி, யாரோ பிடுங்கிக்கொள்ள வருவதைப் போல, தன் சொந்தக் கடைச் சோற்றை அவசர அவசரமாகச் சாப்பிட்டாள்.