ஏர்கோன் அறைக்கு ஒரு பந்தாட்டம்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் நானும் ரூபேந்திரனும் வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஏர்கோன் ஒரே ஓர் அறையில்தான். இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் இரவு வேலை. ஆகவே இருவரும் பகலில் தூங்க வேண்டியவர்கள். ஹாலில் படுத்தால் மதியத்துக்குள் முதுகும் மெத்தையும் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் குடிவந்தவன் நான், அறை என்னுடையது. சேர்ந்து படுக்கலாமே என்பவர்கள் ரூபனின் குறட்டையைக் கேட்டதில்லை. தன் அலாரமே அவனுக்குக் கேட்காது. தொழிற்சாலை பஸ்ஸை அடிக்கடி கோட்டைவிட்டு மேலாளரிடம் திட்டு வாங்குவான்.

கடைசியில் பந்தயம் கட்டினோம். என் அறையில் இருக்கும் கன்சோலில் புதிய கால்பந்து வீடியோ கேம், ஒரே ஆட்டம், ஜெயிப்பவனுக்கு அறை. ஆடி முடிக்கும்வரை அறை என்னிடமே இருக்கும். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கேட்டான், தலையாட்டிவிட்டேன். தூக்கம் சொக்கும் அந்த நேரத்தில் நான் எதற்கும் தலையாட்டுவேன். கால்பந்தில் அவன் என்னைத் துவைத்துக் காயப்போடுவான் என்பது இருவருக்கும் தெரியும்.

விடுமுறை நாளில் டிஸ்க்கோடு வந்தான்.

“போட்டா ஓடும் மச்சான். மெத்தையச் சுருட்டு.”

ஓடவில்லை. இடம் போதாது என்றது திரை.

“அலமாக்! கேம் டிஸ்க்லதானே இருக்கு, எதுக்கு இடம்?”

விளக்கினேன். மெதுவாக, சந்தோஷமாக. இப்போதெல்லாம் டிஸ்க் பாதி சாவி மாதிரிதான். அதைச் சுழற்றிச் சுழற்றிப் படித்தால் மைதானம் திரைக்கு வருவதற்குள் கையிலிருக்கும் தே தாரேக் டீ ஆறிவிடும். அதனால் மொத்த கேமையும் கன்சோலுக்குள் இருக்கும் வேகமான சேமிப்பில் ஏற்றியாக வேண்டும். புல், கூட்டம், ஆட்டக்காரனின் வியர்வை எல்லாம் சேர்ந்து நூறு ஜிபிக்கு மேல். உள்ளே என் கேம்கள் கால் நீட்டிப் படுத்திருந்தன.

“ஒண்ண அழி.”

“எல்லாம் பாதியில இருக்குடா.”

“நீ பாலிடெக்னிக்க விட்ட மாதிரியா?”

அவன் தன் பழைய வெளி வன்தட்டைக் கொண்டுவந்து செருகினான். அது வெறும் கிடங்கு. அங்கே வைக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது. ஆட வேண்டுமானால் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். என் போர் கேமை அதற்குத் தள்ளினான். அது நகர்ந்து முடிந்ததும் சாப்பிட நாசி லெமாக் வாங்கப் போனான். நான் கேமைத் திரும்ப உள்ளே இழுத்தேன்.

வந்து பார்த்தான். மறுபடியும் இடமில்லை.

“இப்பதானே வெளிய அனுப்புனேன்?”

“முழுசா போயிருக்காது லா.”

மறுபடி தள்ளிவிட்டுக் குளிக்கப் போனான். மறுபடி இழுத்தேன். இந்தமுறை அவன் குளியல் சீக்கிரம் முடிந்துவிட்டது. இடுப்பில் துண்டு, தலையில் நுரை. திரையில் என் கேம் பாதிவழியில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

“துரோகி.”

என் கேமை மறுபடி வெளியே தள்ளிவிட்டு, ஹாலிலிருந்து தன் மெத்தையை இழுத்துவந்து கன்சோலின் முன்னால் போட்டான்.

“ஏறி முடியிற வரைக்கும் இங்கதான் படுத்திருப்பேன். கிட்ட வந்தே, கைய உடைப்பேன்.”

டிஸ்க் ஏறியது. பிறகு அப்டேட் என்று இன்னொரு மூட்டையை இணையத்திலிருந்து இறக்கச் சொன்னது. எங்கள் இணையம் நொண்டி நொண்டி நடக்கும். காவல்காரன் பத்து சதவீதத்தைப் பார்க்கவில்லை. குறட்டை தொடங்கியது. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன்.

எழுந்தபோது சாயங்காலம். கேம் தயார்.

“ஆடலாமா?” என்றேன்.

“பசிக்குதுடா. நாளைக்கு.”

மறுநாள் வேலை. அதற்கு மறுநாளும் வேலை. அவன் மெத்தை அறையிலேயே கிடந்தது. குறட்டை பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், பஞ்சு பழகிவிட்டது. என் அலாரம் தலையணைக்கு அடியில் அதிரும். எழுந்து அவன் இடுப்பில் ஓர் உதை விடுவேன். அன்றிலிருந்து அவன் ஒருநாளும் பஸ்ஸைக் கோட்டைவிடவில்லை.

அடுத்த விடுமுறையன்று, எதற்கும் கொஞ்சம் பழகி வைக்கலாம் என்று அவன் தூங்கும்போது கன்சோலைத் திறந்தேன். கால்பந்து உள்ளே இல்லை. வெளி வன்தட்டில் இருந்தது. அதை நகர்த்தியது நான் இல்லை; ஜெயிக்கப்போகிறவனே நகர்த்தியிருக்கிறான். என் போர் கேம் கன்சோலுக்குள் பழைய இடத்தில் பத்திரமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அறை திடீரென்று அமைதியாகியிருந்தது.

“ஏன்டா நிறுத்திட்டே?”

“என்னத்த?”

“குறட்டைய.”

“தூங்குறேன் லா. தொந்தரவு பண்ணாத.”

கன்சோலை அணைத்தேன். ஏர்கோனை இன்னும் கொஞ்சம் குளிராக்கிவிட்டு, பஞ்சைத் தேடினேன்.