இரண்டு கொக்கிச் சுமை

ப்ரூனாவும் தூரி மச்சானும் ஆல்ப்ஸ் மேய்ச்சலில் ஒரே சரிவில் வழுக்கி, ஒரே பக்கத்துக் காலை உடைத்துக்கொண்டார்கள். ப்ரூனா, மாடு. தூரி, என் அக்கா கணவர்.

வாக்கி-டாக்கியில் கீழே தகவல் சொன்னது நான்தான். பழக்கதோஷத்தில் மாட்டை முதலில் சொன்னேன். எங்கள் பக்கம் அப்படித்தான். மாட்டுக்குக் காது எண் இருக்கிறது, எண்ணைச் சொன்னால் மறுமுனையில் உடனே எழுத ஆரம்பித்துவிடுவார்கள். மச்சானுக்கு வருவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

ஆகவே வந்தது மாடு தூக்கும் ஹெலிகாப்டர். இறங்க இடமில்லாத சரிவு. ஓட்டி வந்த எங்கள் ஊர் மட்லேனா மேலேயே நின்று கயிற்றை இறக்கினாள். நுனியில் மாட்டு வலை. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. மச்சானின் பாதம் நீலம் பாரித்திருந்தது.

முதலில் இவரைக் கட்டிவிடவா என்று கேட்டேன். சட்டப்படி மனிதனும் வெளியே தொங்கவிட்டுத் தூக்கும் சுமைதான் என்று வாக்கி-டாக்கியில் பொறுமையாக விளக்கினாள். ஆனால் இரண்டு கொக்கி வேண்டிய சுமை. அவளிடம் இருப்பது ஒன்று. இரண்டு கொக்கி உள்ள வேறு ஹெலிகாப்டரை இப்போதே கூப்பிடுகிறாளாம்.

“அறுநூறு கிலோ மாட்டத் தாங்குற கொக்கி இவரத் தாங்காதா மட்லேனாக்கா?”

“தாங்கும்டா. தானாத் திறந்துக்கிட்டா? போன வருஷம் சிமெண்ட் தொட்டி அப்படித்தான் விழுந்துச்சு. கீழ யாரும் இல்ல, அதனால சிரிச்சோம்.”

“இவரையும் மாடுன்னு எழுதிக்கயேன்.”

“எனக்குக் கண்ணு இருக்கேடா.”

மச்சான் படுத்தபடியே சொன்னார். “மாப்ள, அவ வேலைக்கு உலை வைக்காத. ப்ரூனாவக் கட்டு.”

கட்டினேன். நான்கு கால்களும் தொங்க, எங்களைத் திரும்பியும் பாராமல் ப்ரூனா பறந்து போனாள்.

இருபத்தைந்தாவது நிமிடம் இரண்டு கொக்கி வண்டி வந்தது. சத்தம் தலைக்கு நேர்மேலே கேட்டது, வண்டி தெரியவில்லை. மூடுபனி முந்திவிட்டது. இரண்டு முறை சுற்றிவிட்டுச் சத்தமும் போய்விட்டது. மீட்புக் குழு நடந்து வர ஐந்து மணி நேரமாகும் என்றார்கள்.

மச்சானின் பூட்ஸைக் கழற்றி, பாதத்தை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டேன். கிள்ளிப் பார்க்கச் சொன்னார். கிள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. மாட்டு டாக்டர். ப்ரூனாவுக்கு எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்குதானாம். வலையில் மாட்டிக் காது எண் வில்லை கழன்றுவிட்டது, எண்ணை இன்னொரு தரம் சொல்ல முடியுமா என்றார்.

எனக்கு மறந்துவிட்டது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.