உத்திரத்தின் முனை

அப்துல் சத்தார் வீட்டு மாடிக்கூடம் இடிந்து விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காஞ்சிபுரத்தில் சரிகை வியாபாரம் செய்கிற குடும்பம். தெருப்பக்கம் கடை, பின்கட்டில் வீடு, வீட்டுக்கு மேலே நீளமான ஒரு கூடம். தங்கை சித்தாராவின் கல்யாணத்துக்கு முதல் நாள், மருதாணி வைத்துக்கொள்ள வந்த பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தபோது, தரையைத் தாங்கிய தேக்கு உத்திரம் ஒன்று கீழே போய், கூரையும் கூடவே இறங்கிவிட்டது. மற்றவர்கள் கைகால் முறிந்து பிழைத்தார்கள். சித்தாராவைச் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அடியிலிருந்து எடுத்தபோது மூச்சில்லை.

சத்தார் வேறு தெருவில் வீடு பார்த்தார். அவருடைய தாயார் ரம்ஜான் பீ வரமாட்டேன் என்றுவிட்டாள். கூரையில்லாத அந்தச் சுவர்களுக்கு நடுவிலேயே, மகள் கிடந்த இடத்தின் அருகில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெயிலிலும் மழையிலும் அம்மாவை எத்தனை நாள் விடுவது? இரும்பு போட்டு மறுபடி கட்டிவிடலாம் என்று கடைசியில் சத்தார் முடிவெடுத்தார். அப்படித்தான் எழுபத்தொன்றாம் வருஷம், தை பிறந்ததும், தையல்நாயகி அந்த வீட்டுக்கு வந்தாள்.

தையல்நாயகிக்கு ஊர் பக்கத்திலிருக்கிற முசரவாக்கம். கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்து, சென்னையில் கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தாள். வயலும் மாடுமாக இருந்த குடும்பத்தில் அவள் ஒருத்திதான் இரும்பை நம்பிப் பிழைத்தவள்.

“எவ்ளோ கனமா போட்டாலும் பரவாயில்ல, இன்ஜினியரம்மா” என்றார் சத்தார். “கோயில் ஆனை வந்து நின்னாலும் அசையக் கூடாது.”

“கனம் மட்டும் போதாது பாய். எந்த இடத்துல என்ன வேணுமோ அது இருக்கணும்” என்றாள் அவள். நடுவில் பாரம் ஏறினால் உத்திரம் வளையப் பார்க்கும். அந்த வளைவை இரும்பின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் தாங்கும். சுவரில் உட்காரும் முனைகளில் கதை வேறு. அங்கே பாரம் கத்தரிக்கோல் மாதிரி உத்திரத்தை அறுக்கப் பார்க்கும். அதைத் தாங்குவது இரண்டு தட்டுக்கும் இடையில் நிற்கிற தகடு. இதையெல்லாம் அவள் விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். சத்தார் தலையை ஆட்டினார். அவர் கண் மட்டும் கூடத்தின் நடுவிலேயே இருந்தது.

வேலையை மேற்பார்த்த மேஸ்திரி சிட்டிபாபு அவளைத் தனியே கூப்பிட்டார். “மத்தியானத்துக்கு மேல ஆளுங்க இங்க நிக்க மாட்டேங்கறாங்கம்மா. மேல வளையல் சத்தம் கேட்டுக்கினே இருக்குதாம்.”

“மேலதான் ஒண்ணுமே இல்லியே மேஸ்திரி?”

“அதனாலதாம்மா பயப்படறாங்க.”

அவள் சிரித்துவிட்டு அளவு நாடாவை எடுத்தாள். அன்று மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபின், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு நாடாவை இழுத்துப் பிடித்து அளவெடுத்துக்கொண்டிருந்தாள். ரம்ஜான் பீ பாயில் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். அப்போது தலைக்கு நேர் மேலே கண்ணாடி வளையல்கள் குலுங்கின. ஒரு கை வளையல் அல்ல, பல கைகள். யாரோ எதற்கோ சிரித்து ஒருவரையொருவர் தட்டிக்கொள்வது போல. தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். வெறும் வானம். உயரத்தில் ஒரு பருந்து. நாடா அவள் கையிலிருந்து நழுவிச் சுருண்டு ஓடியது.

“உனக்கும் கேட்டுதா பேட்டி?” என்றாள் ரம்ஜான் பீ, மகளைக் கூப்பிடுவது போல, கண்ணைத் திறக்காமலே.

தையல்நாயகியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

“பொண்ணுங்க எல்லாம் ஓரத்துலதான் குந்திக்கினு இருந்தாங்க” என்றாள் கிழவி. “நான்தான், நடுவுல வாங்க, வெளிச்சம் நல்லா இருக்குது, மருதாணி கோடு நேரா வரும்னு கூப்பிட்டேன். எல்லாரையும் நடுவுல குந்த வச்சேன். அவ்ளோ பேரு பாரம், மரம் என்னா பண்ணும்? அதான் அவ என்னைக் கூப்பிட்டுக்கினே இருக்கறா.”

தையல்நாயகிக்கு அந்தப் பேச்சில் ஏதோ இடித்தது. நல்ல தேக்கு, சில பெண்களுக்கா ஒடியும்? எப்படியும் தன் இரும்பை அதே சுவரில்தான் உட்கார வைக்க வேண்டும். பழையது ஏன் போனது என்று தெரியாமல் வைப்பது எப்படி? மறுவாரம் வந்தபோது கொல்லையில் யாரும் தொடாமல் கிடந்த அந்த உத்திரத்தைப் புரட்டச் சொன்னாள். சிட்டிபாபுவும் ஆட்களும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள்.

நடுவில் ஒரு விரிசல்கூட இல்லை. உளியால் தட்டினால் மணி போல ஒலித்தது. ஒரு முனையோ, வடக்குச் சுவருக்குள் இருந்த முனை, கறுத்து, தண்ணீரில் ஊறிய ரொட்டி போல விரலோடு பிய்ந்து வந்தது. அங்கேதான் அறுந்திருக்கிறது.

வந்த சந்தோஷத்தில் அவள் முன்பின் யோசிக்கவில்லை. ரம்ஜான் பீயின் கையைப் பிடித்துக் கொல்லைக்கே கூட்டிவந்துவிட்டாள்.

“பாருங்கம்மா. நடுவுல ஒடியல. நீங்க நடுவுல குந்த வச்சதால விழல. சுவத்துக்குள்ள தண்ணி ஊறி முனை செத்துப் போயிருக்குது. அந்த ஓரத்துல உட்கார்ந்திருந்தா இன்னும் சீக்கிரமே விழுந்திருக்கும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

கிழவி குனிந்து அந்த மரத்தைத் தொட்டாள். விரலில் ஒட்டிய கறுப்புத் தூளைத் தேய்த்துப் பார்த்தாள். இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கப்போவதை தையல்நாயகி கண்ணெதிரே பார்த்தாள்.

“தண்ணி எங்கேந்து வந்துது?”

கேட்டவர் சத்தார். கடையிலிருந்து எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. யாரும் பதில் சொல்வதற்குள் அவரே வடக்குச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். மாடி உயரத்தில், சுவரை ஒட்டி ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. இப்போது வறண்டு கிடந்தாலும், அதன் அடியிலிருந்து உத்திரம் புதைந்திருந்த குழி வரைக்கும் பச்சையும் கறுப்புமாக ஒரு தாரை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடியில் தொழுகிறவள், தொழுகைக்கு முன் கைகால் கழுவ ஒவ்வொரு வேளையும் படியிறங்க வேண்டாம் என்று, கொத்தனாரைக் கூட்டிவந்து அவரே கட்டிய தொட்டி.

தாயிடமிருந்து எடுத்த பழியைத் தையல்நாயகி மகன் தலையில் வைத்துவிட்டாள்.

சத்தாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ரம்ஜான் பீ மகனைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“மழைத் தண்ணி” என்றாள். “ரெண்டு வருசமா மழையில கெடக்குது மரம். உளுத்துப் போவாம என்னா செய்யும்? படிச்ச பொண்ணுக்கு மரத்தைப் பத்தி என்னா தெரியும்? நான்தான் எல்லாரையும் நடுவுல குந்த வச்சேன். பாரம் தாங்கல. அவ்ளோதான்.”

“அம்மீ...”

“அவ்ளோதான் சத்தாரு. கடையில ஆள் இல்ல, போ.”

அவள் திரும்பி மெல்ல நடந்து தன் பாய்க்கே போய் உட்கார்ந்தாள். மழை என்றால் முழு மரமும் அல்லவா உளுத்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. தையல்நாயகியும் கேட்கவில்லை.

தொட்டியை இடித்தார்கள். வடக்குச் சுவரை அடியோடு பிரித்துக் கட்டி, இரும்பு உட்காரும் இடத்தில் கருங்கல் வைத்தார்கள். பங்குனி வெயிலில் உத்திரங்கள் ஏறின. தளம் போட்டு இறுகியதும் தையல்நாயகி மேலே மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்தாள். கூடத்தில் எத்தனை பேர் நெருக்கி உட்கார்ந்தாலும் வராத பாரம். கீழே நூல் கட்டி, உத்திரம் எவ்வளவு தொய்கிறது என்று பார்த்தாள். அரிசி மணி அளவுதான்.

சோதனை முடியும் முன்பே ரம்ஜான் பீ பாயை எடுத்துக்கொண்டு வந்து மூட்டைகளுக்கு நேர் கீழே, நடுவில் உட்கார்ந்தாள். சிட்டிபாபு பதறினார். அவள் நகரவில்லை. சத்தார் நடுவுக்கு வரவே இல்லை. ஏணியில் ஏறி, வடக்குச் சுவரில் இரும்பு நுழைகிற இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது மேலே வளையல்கள் குலுங்கின. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போய்விட்டார்கள்.

“கேக்குதாம்மா உங்களுக்கு?” என்று தையல்நாயகியைக் கேட்டார் சத்தார்.

“கேக்குது பாய்.”

“இத்தினி நாளா எனக்குக் கேட்டதில்ல. இப்பதான் கேக்குது.” அவர் கையை எடுக்கவில்லை. “இந்த முனைக்கு அடியில ஒரு தூண் போட்டுக் குடுங்க.”

“தேவையில்ல பாய். இந்த முனை இன்னும் மூணு மடங்கு தாங்கும். கணக்கு போட்டுத்தான் சொல்றேன்.”

“தேவையில்லன்னு தெரியும்மா. போடுங்க.”

கீழே கிழவி முகத்தை மேலே தூக்கி, சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் பேசியது அவள் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சென்னையில் தையல்நாயகி அந்தத் தூணை வரைந்தாள். அலுவலகத் தலைவர் கோதண்டபாணி வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, “இது எந்தப் பாரத்துக்காகம்மா?” என்று கேட்டார். அவள் தாளின் சுருண்ட விளிம்பை நீவிவிட்டாள். அவர் சிவப்புப் பென்சிலால் அதை அடித்துவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பினார்.

அவள் தன் மேஜைக்கு வந்து, ரப்பரால் அந்தச் சிவப்புக் கோட்டை அழித்தாள். தூணின் கோடுகளும் கூடவே கொஞ்சம் அழிந்தன. அவற்றை மறுபடி அழுத்தி வரைந்து, காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவைத்தாள்.