மூன்றாம் ஓலை

சவுரியப்பன் வீட்டு உள்ளறைத் தரைக்குள் அவருடைய மகன் ஆரோக்கியராஜ் கணுக்கால் வரை இறங்கியது ஒரு தவக்காலத்துச் செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் பொம்மிடிச் சந்தையில் தக்காளி விலை தாறுமாறாக ஏறியிருந்ததால் ஊரில் அதுதான் பெரிய பேச்சாக இருந்தது. தரை சிமெண்டுத் தரை. சவுரியப்பனே ஆள் வைத்துப் போட்டது. அது விரியவும் இல்லை, பெயரவும் இல்லை. பிசைந்த மாவில் விரலை விட்டதுபோல அவன் காலைச் சுற்றி வழவழவென்று மூடிக்கொண்டிருந்தது. அம்மா ரோசம்மாள் காலைக் காபியோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "வெளிய வாடா, எவ்ளோ நேரம் இப்படியே நிப்ப?" என்றுதான் முதலில் கேட்டாள். அவன், "முடியலம்மா" என்றான். அதையேதான் அவன் பெங்களூரிலிருந்து வந்த நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருந்தவன் அவன். பொங்கலுக்கு வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனவன், மாசி பிறக்கும் முன்னே பையோடு திரும்பி வந்து உள்ளறைக்குள் போனான். யாராவது அடித்தார்களா, காதல் கீதல் என்று ஏதாவதா, குடியா என்று வீட்டில் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஒன்றுமில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை. அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. காரணம் இருக்கிறவனுக்கு அழவாவது ஒரு சாக்கு உண்டு.

காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். இழுக்க இழுக்க அவன் கனத்தான். சவுரியப்பன் கடப்பாரை எடுத்து ஓரமாகத் தோண்டினார். எவ்வளவு தோண்டினாரோ அவ்வளவு அவன் கீழே போனான், தோண்டிய இடமும் தானாக மூடிக்கொண்டது. தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று ஒரு ஜெபக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் தலையில் கை வைத்து அழுத்தி ஜெபிக்கிற ரகம். ஆமென் சொல்லிக் கையை எடுத்தபோது பையன் முட்டி வரை இறங்கியிருந்தான். பசி தாகம் அவனுக்குக் குறைந்துவிட்டது. மற்ற சங்கதிகளைத் தரையே பார்த்துக்கொண்டது. அதைப் பற்றி வீட்டார் விசாரிக்கவில்லை, நாமும் விசாரிக்க வேண்டாம்.

யாராவது கேட்டால் பெங்களூரில் இருக்கிறான் என்று சொல்வதாக வீட்டில் முடிவானது. தங்கை அன்பரசிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணன் தரைக்குள் இருக்கிறான் என்றால் எவன் வருவான்? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பெருந்தன்மை. ஊருக்கே விஷயம் தெரியும். தெரியும் என்பது ரோசம்மாளுக்கும் தெரியும். ஆனாலும் கிணற்றடியில், "தம்பி நல்லாருக்கா பெங்களூர்ல?" என்று கேட்பார்கள், அவளும் "நல்லாருக்கான், ஓவர்டைம் பாக்கறான்" என்பாள். இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. வெளியூர்க்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினால், கோழி கவிழ்க்கிற பெரிய மூங்கில் கூடையை எடுத்து அவன்மேல் கவிழ்த்துவிடுவார்கள். அதற்குள் அவன் இடுப்பு வரை போயிருந்ததால் கூடை சரியாக இருந்தது.

வெண்மதி வந்த அன்றும் கூடை கவிழ்ந்துதான் இருந்தது. வீடு வீடாகப் போய் மனநலம் பற்றிப் பேசி, தேவைப்பட்டவர்களை ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடுகிற ஓர் அமைப்பில் அவள் ஆலோசகர். ஸ்கூட்டியை நிழலில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டாள். உள்ளே இருமல் கேட்டது.

"கோழிங்க. சளி புடிச்சிருக்கு," என்றாள் ரோசம்மாள்.

"கோழி வாயை மூடிக்கிட்டு இருமாதுங்கம்மா," என்றாள் வெண்மதி.

உள்ளே போய்க் கூடையைத் தூக்கியவள் கூச்சல் போடவில்லை. துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவன் முகத்துக்கு நேராக இன்னொரு முகம் வந்தது அன்றைக்குத்தான். வீட்டார் எல்லோரும் நின்றபடியே தட்டை நீட்டி, நின்றபடியே அழுதுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். "நான் பாக்கறதுல இவர் மூணாவது ஆளுங்க. காரிமங்கலம் பக்கம் ஒருத்தர் சுவத்துக்குள்ள இருக்கார்," என்று வெண்மதி சொன்னபோது ரோசம்மாளுக்கு முதலில் வந்தது பொறாமை. சுவர் என்றால் மேலே படம் மாட்டி மறைத்துவிடலாமே என்று தோன்றியதாம்.

அதிலிருந்து புதன்தோறும் வெண்மதி வந்தாள். செல்போனில் டாக்டர் அவனைப் பார்த்துப் பேசினார், மாத்திரை வந்தது. மாத்திரையால் இறங்குவது நின்றது, ஆனால் மேலே வரவில்லை. அவள் வீட்டாரிடம் இரண்டே காரியம் கேட்டாள். ஒன்று, நின்றுகொண்டு பேசாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். அதைச் செய்தார்கள். சவுரியப்பனுக்கு மூட்டுவலி, இருந்தும் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டாவது, பெங்களூர் என்று சொல்வதை விடுங்கள்.

"பொண்ணைக் கட்டிக்குடுத்துட்டு விட்டுடறோமுங்க," என்றார் அவர்.

"நீங்க வாசல்ல பெங்களூருன்னு சொல்றப்ப எனக்கு இங்க கேக்குதுப்பா," என்றான் ஆரோக்கியராஜ்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை அமைந்தான். பெயர் மதியழகன், ஜேசிபி ஓட்டுகிறவன். நல்ல பையன், சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பான். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு அண்ணன் இருக்கறதாச் சொன்னாங்களே?" என்று கேட்டாள். சவுரியப்பன், ரோசம்மாள், அன்பரசி மூவரும் ஒரே குரலில் பெங்களூர் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு கூடையைத் தூக்கினால் அவன் மார்பு வரை போயிருந்தான். அன்பரசி அன்று அண்ணனிடம் கோபித்துக்கொண்டாள். எனக்கென்று ஒரு நல்லது நடக்கிற நாளில்கூட இப்படியா என்று கேட்டு அழுதாள். கேட்டதற்காகப் பிறகும் அழுதாள்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் பீடத்திலிருந்து படிப்பார். யாரும் தெரிவித்ததாகச் சரித்திரம் இல்லை. வேறு கல்யாணம் ஆனவனா, சொந்தத்துக்குள் கட்டக்கூடாத முறையா என்பதற்கான கேள்வி அது. ஆனால் ரோசம்மாளுக்கு அந்த வாசகம் தன் வீட்டு உள்ளறையைத்தான் கேட்கிறது என்று பட்டது. முதல் ஓலையில் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தால் மகன் கழுத்து வரை. இரண்டாம் ஓலையில் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். வீட்டுக்கு வந்தால் தாடை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் புதன்கிழமை, "மாத்திரையை ரெண்டாக் குடுக்கட்டுங்களா?" என்று அவள் கேட்டாள்.

"மாத்திரை தாங்கிப் புடிச்சுக்கிட்டுதாம்மா இருக்கு. மேல இருந்து அழுத்தறது நீங்க," என்றாள் வெண்மதி. குடும்பத்தாரைக் குற்றம் சொல்லக்கூடாது என்பதுதான் அவளுக்குப் பயிற்சியில் முதல் பாடம். மன்னிப்புக் கேட்டாள். ரோசம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை, மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியராஜ் வாயைச் சற்றுத் தூக்கிக்கொண்டு பேசினான். "விடும்மா. இன்னும் ஒரு ஓலைதான. பாப்பா கல்யாணம் ஆவட்டும். நான் உள்ள போயிட்டா மேல மூடிக்கும். கூடைகூட வேணாம்."

அவன் கோபத்தில் சொல்லவில்லை, உதவி செய்கிறவன்போலத்தான் சொன்னான். பெற்ற பிள்ளை தன்னை ஒழித்துக்கொள்ள யோசனை சொல்கிறான், அதற்கு ஒரு கணம் தன் மனசும் தலையாட்டியது என்பதை ரோசம்மாளால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து புடவை எடுக்கப் போகலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் ஓலையைப் படித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போக இருந்தார். ரோசம்மாள் எழுந்து நின்றாள். சொந்த மகளின் கல்யாணத்துக்குத் தடை சொல்ல, பெற்ற தாயே எழுந்தது எங்கள் பங்கில் அதுவே முதல் தடவை.

"என் பையன் பெங்களூர்ல இல்லீங்க சாமி. வூட்லதான் இருக்கான். தரைக்குள்ள இருக்கான்."

கோயிலில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட வேண்டியவர்கள் முன்வரிசையில் மட்டும்தான் இருந்தார்கள். சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "அது தடை இல்லம்மா. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. அன்பரசி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஒரு தரம், இரண்டு தரம். பிறகு விட்டுவிட்டாள். பிறகு அவளும் எழுந்து பக்கத்தில் நின்றாள். "ஆமாங்க சாமி," என்றாள், "எங்கண்ணன் வூட்லதான் இருக்குது."

புடவைக்கடைக்குப் போகவேண்டியவர்கள் எல்லோரும் சவுரியப்பன் வீட்டுக்குப் போனார்கள். கூடையை மாப்பிள்ளையின் அம்மாவே தூக்கினாள். ஆரோக்கியராஜின் தாடை தரையைவிட்டு நாலு விரல் மேலே இருந்தது.

"ஆளு தரைக்குள்ள போறது எங்க பக்கத்துலயும் உண்டு. ஆனா கூடையைப் போட்டு மூடிட்டு எனக்குக் கேசரி குடுத்தீங்களே," என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் எறிந்தாள். காபி வேண்டாம் என்றுவிட்டாள்.

மதியழகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையை விரலால் தட்டிப் பார்த்தான். தொழில் புத்தி. "வண்டியைக் கொண்டாரட்டுங்களா மாமா? ஒரு கொத்து, அவ்வளவுதான்."

வீடே "வேணாம்" என்று அலறியது. ஆரோக்கியராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்தபோது இரண்டு தோளும் வெளியே தெரிந்தன.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து கொஞ்ச காலம் சேதி இல்லை. பெரியப்பா முறையில் ஒருவர் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார், இன்றுவரை பேசுவதில்லை. கல்யாணம் தள்ளிப்போய் வைகாசியில் நடந்தது. கோயிலிலிருந்து மாலையோடு வந்த பெண்ணும் மாப்பிள்ளையும் நேராக உள்ளறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். இடுப்பு வரை வெளியே இருந்த ஆரோக்கியராஜ்தான் அவர்களுக்குப் பாலும் பழமும் கொடுத்தான். போட்டோக்காரர் நின்று எடுத்தால் சரியாக வராது என்று அவரும் தரையில் உட்கார்ந்தார்.

இப்போது அவன் முட்டிக்குக் கீழேதான் தரைக்குள் இருக்கிறான். ஐப்பசி மழையில் கொஞ்சம் இறங்குவான், வெயில் வந்தால் ஏறுவான். சில வாரம் காரணமில்லாமலும் இறங்குவான். அதற்கு வீட்டில் யாரும் கடப்பாரை எடுப்பதில்லை, யாராவது ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். மாத்திரை நடக்கிறது. வெண்மதி மாதம் ஒரு தடவை வருகிறாள். காரிமங்கலத்துக்காரர் சுவரிலிருந்து ஒரு கையை வெளியே எடுத்துவிட்டதாகப் போன தடவை சொன்னாள். சவுரியப்பன் உள்ளறைக்கு ஜன்னல் வைத்திருக்கிறார். அது வழியாக ரயில் தெரிகிறது. கிணற்றடியில் சிலர் பழைய வழக்கத்தில், "தம்பி எங்க, பெங்களூர்ல தான?" என்று இன்னமும் ரோசம்மாளைக் கேட்பதுண்டு. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொல்வாள்.

"வூட்லதாங்க இருக்கான். வாங்க, செத்த நேரம் உக்காந்து பேசிட்டுப் போங்க."