முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு மணி நேரம்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது: 38,214. போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிதம்பரத்தில் என் மனைவியின் தங்கை பிரிசில்லா வீட்டில், அவள் லேப்டாப் திரையில் அதைப் பார்த்தேன். புத்தம்புதுசு என்று விற்கப்பட்ட ஒரு ஹார்டு டிஸ்க், அவள் கைக்கு வருமுன்பே வேறெங்கோ ஓடித் தேய்ந்திருந்த மணி நேரம் அது. அவள் வீட்டில் ஓடியதைக் கழித்த பிறகு வந்த கணக்கு. இரவு பகல் நிற்காமல் ஓடினால் நாலு வருஷமும் நாலு மாதமும்.

கோபம் ஆறிய பிறகுதான் எழுத உட்கார வேண்டும் என்று இரண்டு இலக்கியக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆறவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "கொள்ளிடத்தின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பிரிசில்லாவின் கண்களில்…"

[அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை. பிரிசில்லாவின் கண்களில் எதுவும் இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.]

இரண்டாம் வரைவு: "வைத்திலிங்கம் கம்ப்யூட்டர் விஷயத்தில் பெரிய கெட்டிக்காரர் என்று அவரே சொல்லிக்கொள்வார்." இது பிடித்திருந்தது. நாலு பக்கம் ஓடியது. வைத்திலிங்கத்தை இன்னும் அடிக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள், அவரிடம் வருகிறேன்.

3

பிரிசில்லாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பிசியோதெரபிஸ்ட். மூளைப் பாதிப்போடு பிறந்து, கை கால் ஒத்துழைக்காத குழந்தைகளுக்கு நடக்கப் பயிற்சி கொடுக்கிறாள். வீட்டின் முன்பக்க அறைதான் மையம். குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து மினி பஸ்ஸில் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையும் நடப்பதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வீடியோ எடுப்பாள். ஒன்பது வருஷமாக எடுக்கிறாள். இரண்டாயிரத்து அறுநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. முழங்கால் பத்து டிகிரி நிமிர்ந்திருக்கிறதா என்பது அப்படி ஒப்பிட்டால்தான் தெரியும்.

"எல்லாத்தையும் இன்டர்நெட்ல ஏத்திட்டா ஒரு கவலையும் இல்லியேம்மா" என்று அவளிடம் சொன்னவர்கள் பல பேர். அவள் சொன்ன பதில் இது:

"அந்தப் புள்ளைங்க அம்மாகிட்ட நான் கேட்டது, என் செல்போன்ல எடுத்து எங்கிட்ட வெச்சிக்கட்டுமான்னுதான். எந்த ஊர்லயோ இருக்கற மெஷின்ல வெக்கட்டுமான்னு கேக்கல. அவுங்க சரின்னு சொன்னது எனக்குத்தான்."

ஆகவே வீட்டிலேயே ஒரு சர்வர். சின்னப் பெட்டி, இரண்டு டிரைவ், எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். எந்த டிரைவ் வாங்குவது, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்று இரண்டு மாதம் படித்தாள். ஒரு நோட்டில் எழுதியும் வைத்தாள். பிறகு, குடும்பத்தில் விவரம் தெரிந்த ஆள் என்று ஒருவரிடம் யோசனை கேட்டாள்.

4

வைத்திலிங்கத்திடம்.

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவள் நோட்டைப் புரட்டினார்.

"ரெண்டு டிரைவும் ஒரே கடையில வாங்க வேணாம்னு பாக்கறேன்" என்றாள் பிரிசில்லா. "ஒரே லாட்ல வந்தா ரெண்டும் ஒண்ணா போயிடுமாம்."

"இதெல்லாம் யூடியூப்காரன் பேச்சு. ரெண்டுலயும் ஒரே சரக்கு இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. அப்பறம் என்ன பயம்?"

"வாங்கறப்பவே எத்தினி மணி நேரம் ஓடியிருக்குன்னு போட்டுப் பாத்துடலாமா?"

"புதுசுக்கு என்ன மணி நேரம்? கடைக்காரன் என்ன நெனச்சிக்குவான்?"

"சிஸ்டம், ட்ரூநாஸ் போடலாம்னு இருக்கேன். காசு கெடையாது. வாரா வாரம் டிரைவ அதுவே பரிசோதிச்சிப் பாக்கும். ஏதாச்சும் கோளாறுன்னா மெயில் அனுப்பும்."

அவர் சிரித்தார். "நீ வைத்தியம் பாக்கற பொண்ணு. உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? ஆபீஸ்ல இருக்கற அதே சிஸ்டத்தப் போட்டுடலாம். நாளைக்கு ஒண்ணுன்னா எனக்கும் கை பழகுனது."

"வெளியில வேற எங்கியாச்சும் மூணாவது காப்பி…"

"ரொம்ப ஜாஸ்தியா யோசிக்கற."

பிரிசில்லா நோட்டை மூடினாள். "சரிங்க மாமா" என்றாள்.

5

வைத்திலிங்கம் என்று ஒருவர் இல்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தது நான். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளன், பெயர் செந்தமிழ்செல்வன், இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டவன். நாலு பக்கம் எழுதும்வரை வைத்திலிங்கத்துக்கு மீசை வைத்தேன், மூக்குப்பொடி கொடுத்தேன், குரலில் ஒரு கரகரப்பும் கொடுத்தேன். ஒரு ஆளைக் கதைக்குள் கொண்டுவர இத்தனை சிரமம் நான் பட்டதே கிடையாது. என்னை வெளியே எடுப்பதற்காகப் பட்ட சிரமம் அது.

[இதற்குமேல் 'அவர்' என்று வரும் இடங்களில் எல்லாம் மாற்றிவிட்டேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் 'நான்' என்று படித்துக்கொள்ளுங்கள்.]

6

கடையும் நான் சொன்னதுதான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் செம்பியனின் கம்ப்யூட்டர் கடை. செம்பியன் என்னோடு பள்ளியில் படித்தவன். இன்றைக்கும் மச்சான் என்றுதான் பேச்சு. பிரிசில்லாவை நானே கூட்டிப்போனேன். அவன் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்து, எங்கள் கண்முன்னால் ஒட்டியிருந்த சீலைக் கிழித்தான்.

"புதுசு மச்சான். கம்பெனி சீல். உன் கொழுந்தியாளுக்கு மோசமா குடுப்பனா?"

பிரிசில்லா ஒரு டிரைவைக் கையில் எடுத்து, திருகு போடும் ஓட்டைகளை உற்றுப் பார்த்தாள். "இங்க கீறல் இருக்கே அண்ணா?"

"பாக்கிங்ல வர்றதும்மா" என்றான் செம்பியன்.

"பாக்கிங்ல வர்றதுதான்" என்று நானும் சொன்னேன்.*

* ஏன் சொன்னேன்? எனக்கு எதுவும் தெரியாது. கடையில் மற்றவர்கள் நின்றிருந்தார்கள். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் கதைக்காக யோசித்தேன், கிடைக்கவில்லை.

7

பதினாலு மாதம் ஓடியது. நான் போட்ட சிஸ்டம் எந்த எச்சரிக்கையும் தரவில்லை; தரும்படி நான் அமைக்கவில்லை. ஒரு புதன்கிழமை முதல் டிரைவ் நின்றது. பதறாமல் புது டிரைவ் ஒன்று வாங்கி, இரண்டாவதிலிருந்து அதற்கு நகலெடுக்கத் தொடங்கினாள் பிரிசில்லா. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவதும் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் போனேன். அவள் முதல் டிரைவைக் கொஞ்ச நேரம் உயிர்ப்பித்து உள்ளே தோண்டியிருந்தாள். மேலாகத் தெரியும் கணக்கில் வாங்கிய நாளிலிருந்து மட்டும் மணி நேரம் காட்டியது. யாரோ பூஜ்யமாக்கி விற்றிருக்கிறார்கள். ஆனால் டிரைவுக்குள்ளேயே இன்னொரு பதிவு உண்டு. அதை அழிக்க அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது அக்கறை இல்லை.

"எங்கியோ பெரிய கம்பெனில தேஞ்சி, கழட்டிப் போட்டது மாமா" என்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன்.

சென்னையில் ஓர் இடத்தில் கொடுத்ததில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீடியோ மீண்டன. எழுநூறு போனது போனதுதான்.

8

போனவற்றில் சுவேதாவின் ஒரு வருஷமும் இருந்தது.

சுவேதாவுக்கு ஒன்பது வயது. அம்மா மாரியம்மாள், குமராட்சிக்குப் பக்கத்து ஊர், நடவும் களையெடுப்புமாகப் பிழைப்பு. ஆறு வயதில் சுவேதா எதையும் பிடித்துக்கொள்ளாமல் தானாகவே நடந்தாள். இப்போது கால் மறுபடி இறுகிக்கொண்டு வருகிறது. புதுச்சேரியில் அறுவை சிகிச்சை நிபுணர் கேட்டது ஒன்றே ஒன்று: நன்றாக நடந்த நாளில் எப்படி நடந்தாள்? தசைநாரைத் தளர்த்துவதா, எலும்பைத் திருப்புவதா என்று அதைப் பார்த்தால் முடிவு செய்துவிடலாம் என்றார். ஐந்து வயது வீடியோ இருந்தது. ஏழு வயது இருந்தது. நடுவில் அந்த வருஷம் இல்லை.

நான்தான் காரில் அழைத்துப்போனேன். டாக்டர் அறைக்கு வெளியே நீள வராண்டா. சுவேதாவை நடக்கவைத்துப் பார்க்க டாக்டர் அங்கே வந்தார். வீடியோ போனதையும் சுவேதா அப்போது நடந்த விதத்தையும் பிரிசில்லா சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாயால சொன்னா எப்படிம்மா?" என்றார்.

மாரியம்மாள் எழுந்தாள்.

"நான் காட்டறேன் சார்."

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். வலது குதிகாலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டாள். முழங்கால் உள்பக்கம் மடங்க, இடது கை தோளுக்கு நேரே உயர, தலை ஒரு பக்கம் சாய, நடந்தாள். பத்து அடி. திரும்பினாள். திரும்பும்போது ஒரு கணம் நின்று, உடம்பை முழுசாகத் திருப்பி, பிறகு காலை எடுத்தாள்.

"திரும்பறப்ப இப்டித்தான் சார் நிப்பா. அப்பறந்தான் கால எடுப்பா."

காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு ஆள் சிரிப்பை அடக்கினான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுவேதா, "அம்மா, கை இன்னும் மேல" என்றாள்.

மாரியம்மாள் கையை இன்னும் மேலே தூக்கினாள்.

டாக்டர் மூன்று முறை நடக்கச் சொன்னார். பிரிசில்லா செல்போனில் எடுத்தாள்.

[இந்த இடத்தில் 'மூன்றாவது காப்பி' என்று ஓர் உவமை என் கையருகில் வந்து நிற்கிறது. உங்களுக்கும் தோன்றியிருக்கும். வேண்டாம். அவள் ஒரு அம்மா. அந்நியர்கள் நடுவில் தன் மகளைப்போல நொண்டி நடந்து காட்ட வேண்டியிருந்தது. ஒருவன் தேய்ந்த சரக்கை சீல் ஒட்டி விற்றான், இன்னொருவன் கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தலையாட்டினான். அதற்காக அவள் நடந்தாள்.]

"ரொம்ப உதவியா இருக்கும்மா" என்றார் டாக்டர். "ஆனா இத வெச்சி கத்தி எடுக்க முடியாது. ஆறு மாசம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

ஆறு மாதம். வளரும் குழந்தையின் காலில்.

9

பிரிசில்லா கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டாள். பில்லில் 'ஹார்டு டிஸ்க் இரண்டு' என்று மட்டும் இருந்தது; புதுசு என்று வாயால் சொன்னதற்குச் சாட்சி நான் ஒருவன்தான்.

செம்பியன் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கே வந்தான்.

"எனக்கும் ஒருத்தன் புதுசுன்னுதான் குடுத்தான் மச்சான்."

"போட்டுப் பாத்தியா?"

"எல்லாத்தையும் போட்டுப் பாத்துகிட்டிருந்தா ஏவாரம் ஆவுமா? பதினாலு மாசம் ஓடுச்சில்ல?"

நான் எழுந்து நின்றேன்.

"நீ எனக்காக பொய் சொல்ல வேணாம். 'ஞாபகம் இல்ல'ன்னு சொல்லு. அது போதும்."

கதை எழுதுகிறவனிடம் வந்து கேட்கிறான்! சீலைக் கிழித்த விரலின் நகம், கண்ணாடி மேசைமேல் டப்பா வைத்த சத்தம், நான் தலையாட்டியது எல்லாம் இருக்கிறது என்னிடம். இரண்டு தொகுப்பு போட்டிருக்கிறேன் இந்த ஞாபகத்தை வைத்து. இப்போது இல்லையென்று சொல்ல வேண்டுமாம்.

"கௌம்பு செம்பியா" என்றேன். மச்சான் என்று வாயில் வரவில்லை.

10

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. நான் ஆணையத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறேன். செம்பியன் தலைகுனிகிறான். என் குரல் அறையில் எதிரொலிக்கிறது.

ஆ. கடைசி நொடியில் 'ஞாபகம் இல்லை' என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து, வெயிலில் நெடுநேரம் நிற்கிறேன்.

இ. செம்பியன் வேறு டிரைவ்கள் கொடுத்துச் சமரசத்துக்கு வருகிறான். நான் இருவருக்கும் நடுவே…

[இதை முடிக்கவில்லை. எழுதும்போதே கூசியது.]

மூன்றையும் போனில் பிரிசில்லாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் வேலையாக இருந்தாள். பின்னால் ஏதோ குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அவள் இப்போது வைத்திருக்கும் சர்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும்: இரண்டு வேறு கம்பெனி டிரைவ்கள், இரண்டு ஊர்களில் வாங்கியது, கடையிலேயே லேப்டாப்பில் மாட்டி, உள்ளே இருக்கும் பதிவுவரை மணி நேரம் பார்த்தபிறகு வாங்கியது. ட்ரூநாஸ் போட்டிருக்கிறாள். மூன்றாவது காப்பி திட்டக்குடியில், அவளோடு படித்த இளவரசி வீட்டில். என் வீட்டில் வைக்கிறேன் என்றேன். "வேணாம் மாமா" என்றாள், அவ்வளவுதான்.

படித்து முடித்தேன்.

"மூணுலயும் நீங்கதான் இருக்கீங்க மாமா" என்றாள். "சுவேதா எங்க?"

போனை வைத்துவிட்டாள்.

11

பிரமாணப் பத்திரத்தில் அன்று மதியமே கையெழுத்துப் போட்டேன். சீலைப் பற்றியும் எழுதியிருக்கிறது, கீறலைப் பற்றியும் எழுதியிருக்கிறது, 'நானும் ஆமோதித்தேன்' என்பதையும் சேர்க்கச் சொன்னேன். அது தேவையில்லை என்றார் வக்கீல். போடுங்கள் என்றேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. வந்தாலும் அது செம்பியனுக்கும் எனக்குமான முடிவு.

சுவேதாவுக்கு ஆறு மாதத்தில் நாலு கழிந்திருக்கிறது. பத்து நாள் முன்னால் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். கால் இறுகுகிறதா, நிற்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பிரிசில்லாவுக்குத் தெரிந்திருக்கலாம், கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் நான் சொல்லி நடந்தது போதும்.

சுவேதா மறுபடி நன்றாக நடந்துவிட்டாள் என்று ஒரு வரி எழுதினால் உங்களுக்கு ஆறுதல். நடக்கவில்லை என்று எழுதினால் நல்ல கதை என்பீர்கள். இரண்டையும் என்னிடம் கேட்காதீர்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதரைக்குக் குமராட்சி மினி பஸ் சிதம்பரம் வந்து நிற்கும். மாரியம்மாள் முதலில் இறங்கி, திரும்பி நின்று, கையை நீட்டாமல் காத்திருப்பாள். சுவேதா படியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்தக் காலை முதலில் வைப்பது என்று பார்ப்பாள். நான் அந்தப் படிவரைதான் வருவேன். வேண்டுமானால் நீங்கள் போய்ப் பாருங்கள்.