டேப்பு கட்டிய பெட்டி

கூரியர்காரர் மேசைமேல் வைத்த பெட்டியைப் பார்த்ததுமே அது தான் கட்டியது என்று டேப்புக்குத் தெரிந்துவிட்டது. டேப்பு என்பது அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். அண்ணி பழைய கேமரா லென்ஸ்களைச் சரிசெய்து வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பாள். அவற்றைக் கட்டி அனுப்புவது டேப்புவின் வேலை. லென்ஸுக்கு பபிள் ஷீட் சுற்றி, சின்னப் பெட்டியில் போட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்ச் அடைத்து, பெரிய பெட்டிக்குள் வைப்பாள். கடைசியில் மேல்பக்கத்து டேப்பில் பாதியும் அட்டையில் பாதியுமாக விழும்படி மார்க்கரால் கையெழுத்துப் போடுவாள். யாராவது பிரித்து ஒட்டினால் கையெழுத்து கோணிவிடும்.

கோணவில்லை.

"திரும்பி வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுக் கூரியர்காரர் போய்விட்டார்.

"லென்ஸ் வாங்கின அந்தாளு பத்திரமா கிடைச்சுதுன்னு எழுதினாரே?" என்றாள் அண்ணி.

"போட்டோகூட அனுப்பினாரு அண்ணி."

கிடைத்த பொருள் பிரிக்காமலே எப்படித் திரும்பி வரும்? டேப்பு பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை. கத்தியால் மேல்பக்கத்தைக் கீறித் திறந்தாள். ஸ்பாஞ்ச் அவள் வெட்டியது. சின்னப் பெட்டி அவள் மடித்தது. உள்ளே இருந்த லென்ஸை மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

பித்தளை உடம்பு. கையில் எடுத்தால் கனத்தது. அண்ணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதெல்லாம் நான் படத்துலதான் பாத்திருக்கேன்" என்றாள் பிறகு. "எங்கிருந்துடி வந்துச்சு?"

டேப்பு அன்று கட்டியதை நினைத்துப் பார்த்தாள். வேறு யாருக்கோ போக வேண்டியதை மாற்றி வைத்துவிட்டோமோ? ஆனால் இப்படி ஒன்று இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லையே. தன் கைமேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் பஸ் டிப்போவிலிருந்து வந்த அண்ணன் லென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டான். "ஏமாத்து வேலை. நம்ம சரக்க வச்சுக்கிட்டு எதையோ தள்ளிவிட்டுட்டான்."

"ஏங்க, தகரத்த வாங்கிட்டுத் தங்கத்தத் தர்ற ஏமாத்துக்காரன் எந்த ஊர்ல இருக்கான்?"

அண்ணன் யோசித்தான். "அப்போ திருட்டுப் பொருள். நம்ம தலையில கட்டப் பாக்குறான். யாரும் தொடாதீங்க!" சொல்லிவிட்டுத் தன் விரல்களைச் சட்டையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் டேப்பு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூரியர் ஆபீஸுக்குப் போனாள். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"டெலிவரி ஆயிடுச்சேம்மா."

"அப்போ இது என்ன சார்?"

அவர் பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பெட்டியைத் தலைகீழாகப் புரட்டினார். அடியில் புதிதாக ஒரு லேபிள். அதைச் சுற்றி வேறு டேப்.

"இது திரும்பி வந்ததில்லம்மா. அங்கிருந்து உங்க பேருக்குப் புதுசா புக் பண்ணியிருக்காங்க. அடியில பிரிச்சிருக்காங்க பாருங்க."

மேல்பக்கத்தையே காவல் காத்தவள் அடிப்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. தன்மேல் தப்பில்லை என்று நிம்மதியாக இருந்தது. வீடு வருவதற்குள் அந்த நிம்மதியும் போய்விட்டது. முன்பின் தெரியாதவர்களுக்கு இப்படி ஒன்றை யார் அனுப்புவார்கள்? எதற்கு?

அண்ணியும் அவளும் வாங்கியவரோடு நடந்த உரையாடலை போனில் மறுபடி படித்தார்கள். அவர் பாஷை இவர்களுக்குத் தெரியாது, போன்தான் மொழிபெயர்க்கும். போன வாரம் அவர் எழுதியிருந்தது இது: 'என் பெரிய கண்ணில் பூஞ்சை. மிகவும் கவலை.' அதற்கு அண்ணி, 'கசக்காதீர்கள், உடனே டாக்டரைப் பாருங்கள்' என்று பதில் போட்டிருந்தாள். 'நான் தொடவில்லை. உங்கள் கையில் விடுகிறேன்' என்று அவர் முடித்திருந்தார்.

"பாவம், கண்ணு தெரியாமத்தான் எதையோ மாத்தி அனுப்பிட்டாரோ?" என்றாள் டேப்பு.

அண்ணி லென்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடிக்குள்ளே சிலந்தி நூல் போல மெல்லிய வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன.

"அடியே, இதுதான்டி கண்ணு, இதுதான் பூஞ்சை! லென்ஸத்தான் கண்ணுன்னு போன் மாத்தியிருக்கு. சரிபண்ண அனுப்பியிருக்காரு. நான் பாட்டுக்கு டாக்டரைப் பாருங்கன்னு எழுதியிருக்கேன்!"

"டாக்டர் நீங்கதான்னு நினைச்சிருப்பாரு."

இருவரும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். விசாரித்து எழுதினார்கள். ஆமாம் என்றார் அவர். அது அவர் அப்பாவுடைய லென்ஸாம். வழியில் உடைந்துவிடும் என்ற பயத்தில் பல வருஷமாக எங்கும் அனுப்பாமல் வைத்திருந்தாராம். டேப்பு கட்டிய பெட்டி வந்தபிறகுதான் தைரியம் வந்ததாம். அதனால் அதே பெட்டியிலேயே அனுப்பிவிட்டாராம். மேலே இருந்த கையெழுத்தை அலங்காரம் என்று நினைத்து, அது கெட்டுவிடக்கூடாதே என்று அடியில் பிரித்தாராம்.

அண்ணி பொறுமையாகக் கழற்றி, துடைத்து, மாட்டினாள். இழைகள் போய்விட்டன. இனி டேப்புவின் முறை.

எத்தனையோ பெட்டி கட்டிய கை அன்றைக்கு ஓடவில்லை. ஸ்பாஞ்ச் இறுக்கமாகப் பட்டது. தளர்த்தினால் தளர்வாகப் பட்டது. கட்டினாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள். கூரியர் ஆபீஸில் கொடுத்த கஸ்டம்ஸ் பாரத்தில் விற்பனையா, அன்பளிப்பா, பழுது பார்த்ததா என்று கேட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தாள். கவுன்டர்காரர்தான் கட்டத்தைக் காட்டினார். முழு மதிப்புக்கும் இன்ஷூரன்ஸ் போட்டாள்.

பெட்டி ஏதோ ஒரு விமான நிலையத்தில் பல நாள் நகராமல் கிடந்தது. டேப்புக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் போன் ஒலித்தது. 'வந்தது. தெளிவு' என்று எழுதியிருந்தார். கூடவே அந்த லென்ஸில் எடுத்த ஒரு படம்: ஈரமான தெரு, ஒரு சைக்கிள்.

அண்ணி டேப்புவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். டேப்புக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டிப்போவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"பத்திரமாத்தானே போச்சு? அப்புறம் ஏன் அழுவுற?"

"தெரியலண்ணா" என்றாள் டேப்பு. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.